மகளிர் தினம் பூச்சி மேடம்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். மார்ச் 8 மகளிர் தினம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு வாரத்தில்தான் பத்திரிகைக்காரர்களுக்குப் பெண் விஞ்ஞானிகள் ஞாபகத்துக்கு வருவார்கள். "யாராவது லேடி சயின்டிஸ்ட் இருக்காங்களா பாருங்க, இஸ்ரோவா இருந்தா ரொம்ப நல்லது" என்று ஆசிரியர் குழுக் கூட்டத்தில் ஒரு குரல் எழும். பல வருடங்கள் அந்தக் குரல் என்னுடையது.

அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். கோலப் போட்டி முடிவுகளுக்கும் பட்டுப்புடவை விளம்பரங்களுக்கும் நடுவே ஒரு விஞ்ஞானிக்கு இடம் வாங்குவதற்காக லே-அவுட் மேசையில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். வாங்கிய இடத்தில் என்ன எழுதினேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு முறை கேட்டுக்கொள்ள வாய்ப்பு வந்தது. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போய்ச் சேர்ந்தது. பெங்களூருவில் பளிச்சென்ற புடவையும் தலையில் பூவுமாகப் பெண்கள் சிரித்து மகிழ்ந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதைப் பெரிதாக வைத்து, செவ்வாயைத் தொட்ட பெண் விஞ்ஞானிகள் என்று படக்குறிப்பு எழுதினேன். பிறகு இஸ்ரோ விளக்கம் சொன்னது: படத்தில் இருப்பவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள்; அந்தத் திட்டத்தில் உழைத்த பெண் விஞ்ஞானிகள் வேறு பலர். ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் என்ற பெயர்களெல்லாம் பிற்பாடுதான் பரவலாகத் தெரிய வந்தன. அந்தப் படத்தில் இருந்த ஒருவருடைய பெயரைக்கூட நான் விசாரித்திருக்கவில்லை. புடவையும் பூவும் இருந்ததே, அது போதுமாக இருந்தது. திருத்தம் போடலாமா என்று யோசித்தேன். அடுத்த இதழில் இடமில்லை, விட்டுவிட்டேன். இடமெல்லாம் இருந்தது.

2018 மார்ச் சிறப்பிதழுக்கு இஸ்ரோவில் யாரும் அமையவில்லை. யாரோ ஒருவர் சொல்லி, வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பூச்சியியல் ஆராய்ச்சி செய்யும் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு முறை எழுதி அவருக்கு நான் செய்தது போதும்.

அந்தி வரை பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பெரும்பாலும் புழுவைப் பற்றி. கம்ப்யூட்டரில் படம் படமாகக் காட்டினார். தலையில் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஆங்கில ஒய் எழுத்து, பின்பக்கம் வால் நுனிக்குச் சற்று முன்னால் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. நான் தலையாட்டினேன். கூட வந்த போட்டோகிராபர் தம்பி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். பூச்சியியல் கூடத்தில் படத்துக்கு ஆகிற மாதிரி ஒன்றுமே இல்லையாம். பக்கத்து லேபுக்குப் போய் ஊதா நிறத்தில் ஏதோ திரவம் இருந்த கண்ணாடிக் குடுவையை வாங்கி வந்தான். "மேடம், வெள்ளை கோட் போட்டுக்கிட்டு இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. லேசா சிரிங்க." அவர் பிடித்தார். லேசாகச் சிரித்தார்.

பிறகு என் கேள்விகளுக்கு வந்தேன். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீங்க? புழுன்னா குழந்தைங்க பயப்பட மாட்டாங்களா? மாமியார் என்ன சொல்வாங்க? லீவு நாள்ல என்ன சமைப்பீங்க? அந்தக் கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து, வத்தக்குழம்பு நன்றாக வரும் என்றார்.

கட்டுரைக்குத் தலைப்பு: லேபில் விஞ்ஞானி, வீட்டில் அம்மா! ஆச்சரியக்குறியும் என்னுடையதே. புழுவைப் பற்றி எழுதியிருந்த பத்திகளை யாரும் வெட்டச் சொல்லவில்லை. படிக்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்குமென்று நானே எடுத்தேன். அந்த இடத்தில் பெட்டிச் செய்தி ஒன்று வைத்தேன்: மேடத்தின் வத்தக்குழம்பு. சுண்டைக்காயை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரு விஞ்ஞானிக்குரிய துல்லியம் அந்தக் கட்டுரையில் இருந்தது.

இதில் என்னை இன்றும் வெட்கப்படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. 2013-ல் யுவான் பிரில் என்ற ராக்கெட் விஞ்ஞானி காலமானார். செயற்கைக்கோள்கள் தங்கள் பாதையிலிருந்து நழுவாமல் இருக்க உதவும் உந்துபொறி ஒன்றைக் கண்டுபிடித்தவர். நியூயார்க் டைம்ஸ் அவருக்கு எழுதிய அஞ்சலி, அவர் ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தத்தை அருமையாகச் சமைப்பார் என்று தொடங்கியது. உலகமே கொதித்தது, அவர்கள் அந்த வரியை மாற்றினார்கள். அன்று எங்கள் அலுவலகத்தில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தவள் நான்தான். வெள்ளைக்காரர்கள் இன்னும் திருந்தவில்லை பாருங்கள் என்றேன்.

சிறப்பிதழ் வந்தது. அந்தக் கட்டுரைக்கு வந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பெரும்பாலும் குழம்பைப் பற்றி. அவரிடமிருந்து 'நன்றி' என்று ஒற்றை வார்த்தையில் குறுஞ்செய்தி. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் சித்தப்பா போன் செய்தார். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர். சாதாரணமாக விளைச்சல் முடிந்து விலை படியாதபோதுதான் என்னைக் கூப்பிட்டுப் பத்திரிகைக்காரர்களைத் திட்டுவார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"பாப்பா, குருத்துக்குள்ள ஒரு புழு உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் சல்லடை ஆக்குது. கடைக்காரன் குடுத்த மருந்தை ரெண்டு தடவை அடிச்சாச்சு, சாவ மாட்டேங்குது. உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கேட்டுச் சொல்லு."

எனக்குத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? போனில் 'நிபுணர்' என்று அடித்தால் போதும், வரிசையாக வருவார்கள். நிபுணர் பொருளாதாரம், நிபுணர் மழை, நிபுணர் இதயம், நிபுணர் விவசாயம். எல்லோரும் முதல் மணியிலேயே எடுக்கும் பெரியவர்கள். எதைக் கேட்டாலும் கருத்துச் சொல்வார்கள், அச்சுக்குப் போகும் நேரம் தெரிந்தவர்கள். நிபுணர் விவசாயத்தைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், அவருடைய துறை மண்வளம். "தண்டுத் துளைப்பானா இருக்கும்மா, வழக்கமா வர்றதுதான், பயப்பட வேண்டாம்" என்றார். அதை அப்படியே சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தண்டுத் துளைப்பானுக்கான மருந்தை வாங்கி அடித்தார். குருத்து பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்த பிறகு, சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். உள்ளங்கையில் புழு. கொழுத்த, பழுப்பு நிறப் புழு.

பேருந்தில் நின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். தலையில் வெள்ளையாகக் கோடு, தலைகீழ் ஒய். வால் பக்கம் நகர்த்தினேன். நாலு புள்ளி, சதுரமாக. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்பது உடனே வரவில்லை. புழு ஞாபகம் வரவில்லை, ஊதா நிறக் குடுவைதான் முதலில் வந்தது.

அவருடைய எண்ணைத் தேடினேன். பெயரை அடித்தேன், இல்லை. 'நிபுணர்' என்று அடித்தேன், அந்தப் பட்டியலிலும் இல்லை. 'பூச்சி' என்று அடித்தபோது ஒரே ஒரு பெயர் வந்தது.

மகளிர் தினம் பூச்சி மேடம்.

அப்படித்தான் சேமித்து வைத்திருந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல், என் விரலால் நானே அடித்தது. அதற்குக் கீழேயும் மேலேயும் இருந்த பெயர்களைப் பார்த்தேன். மகளிர் தினம் இஸ்ரோ. மகளிர் தினம் கேன்சர் டாக்டர். மகளிர் தினம் கடல். நிபுணர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். வருடத்தில் ஒரு வாரம் திறக்கும் அலமாரி அது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கினேன்.

உடனே அவரைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். பேட்டியின் முன்பாதியிலேயே இருந்தது. அவர் குரல்: "இது அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016-ல ஆப்பிரிக்காவுல பார்த்தாங்க, மளமளன்னு நாடு நாடா பரவிடுச்சு. அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில நூறு கிலோமீட்டர் கூடப் பறக்கும். நம்ம பக்கம் வந்தா முதல்ல மக்காச்சோளம்தான். முட்டையைக் குவியலா வச்சு மேல பஞ்சு மாதிரி மூடி வைக்கும். அந்த நேரத்துலயே கண்டுபிடிச்சு நசுக்கிடணும். குருத்துக்குள்ள போயிட்டா மருந்து உள்ள இறங்காது, அதோட எச்சமே மூடி போட்ட மாதிரி அடைச்சுக்கும்..."

பிறகு என் குரல். உற்சாகமாக, நடுவில் வெட்டிக்கொண்டு: "சூப்பர் மேடம்! இதெல்லாம் முடிச்சு வீட்டுக்குப் போக எத்தனை மணி ஆகும்?"

ஒலிப்பதிவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பேட்டியின்போது அதை நான் கவனிக்கவில்லை. பிறகு அவர், "ஏழு ஆயிடும்" என்கிறார்.

அந்தப் புழுவை இந்தியாவில் முதலில் பார்த்தது 2018 மே மாதம், கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம். எங்கள் சிறப்பிதழ் வந்து இரண்டு மாதத்தில். அந்த ஆண்டுப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் புகுந்து நாசம் செய்தது. படைப்புழு என்ற பெயர் அதன்பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் அந்தப் பத்திகளை வெட்டாமல் இருந்திருந்தால் பெரம்பலூர் தப்பித்திருக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு வார இதழைப் பார்த்துப் புழு பயந்து ஓடாது. ஆனால் சித்தப்பா வீட்டில் எங்கள் பத்திரிகை வாங்குவார்கள். வயலைப் பார்க்கப் போனபோது சித்தி அலமாரிக் கதவைத் திறந்தார். உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார், என் கட்டுரையை. "அந்தக் குழம்பு நல்லா வந்துச்சு பாப்பா" என்றார். பின்னால் சித்தப்பா, குருத்து இல்லாத செடிகளை மாட்டுக்கு அறுத்துப் போடுவதா, அப்படியே உழுவதா என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். மொத்தத்தில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு தேறியது.

ஊரிலிருந்துதான் மேடத்தைக் கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னேன். மன்னிப்பு கேட்கத் தொடங்கினேன், அவர் விடவில்லை. "விதைச்சு எத்தனை நாள் ஆச்சு? செடி இடுப்பளவு வந்துடுச்சா? பக்கத்துக் காட்டுலயும் இருக்கா?" கேட்டுக்கொண்டே எதை அடிக்கலாம், எந்த வயதுக்கு மேல் அடித்துப் பயனில்லை, அடுத்த பருவத்துக்கு முன் கோடை உழவு ஏன் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் வரப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். முடிந்ததும் மறுபடியும் மன்னிப்புக்கு வந்தேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புழு வரப்போகுது, இப்பவே கணக்கெடுப்பு ஆரம்பிக்கணும்னு ஒரு மீட்டிங்ல சொன்னேன். உங்க கட்டுரை வந்த சமயம். ஒருத்தர், மேடம் இன்னைக்குக் குழம்பு எடுத்துட்டு வரலையான்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கேலியைக் கையில் எடுத்துக் கொடுத்தது நான்.

அதன்பிறகு கொஞ்ச காலம், எனக்கு முன்னால் இதைச் செய்தவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். துணைக்கு ஆள் தேடுவது என்பார்களே, அதுதான். நிறையப் பேர் கிடைத்தார்கள். 1963-ல் மரியா கோப்பர்ட் மேயருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தபோது, அவர் வாழ்ந்த சான் டியேகோவின் நாளிதழ் ஒன்று 'ஊர் அம்மா ஒருவருக்கு நோபல்' என்கிற தோரணையில் தலைப்புப் போட்டது. அடுத்த ஆண்டு பென்சிலின், பி12 மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிந்த டோரத்தி ஹாட்ஜ்கினுக்கு வேதியியல் நோபல். ஆக்ஸ்போர்டு இல்லத்தரசி என்றது ஒரு பிரிட்டிஷ் நாளிதழ். இதற்கெல்லாம் மாற்றாக 2013-ல் ஆன் ஃபிங்க்பைனர் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஒரு வானியலாளரைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பதையே எழுதப்போவதில்லை என்று முடிவெடுத்தார். கிறிஸ்டி ஆஷ்வாண்டன் என்ற பத்திரிகையாளர் அதை ஒரு சோதனையாகவே வகுத்தார். கணவர் என்ன வேலை, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், முதல் பெண், மற்ற பெண்களுக்கு முன்மாதிரி, இவையெல்லாம் இருந்தால் கட்டுரை தோற்றது. என் கட்டுரை முதல் பத்தியைத் தாண்டவில்லை.

சரி, இனிமேல் வீடே வேண்டாம், சமையலறையே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். மனம் மாறியவர்களுக்கு இருக்கும் வைராக்கியம். அதையும் ஒரு சென்னைப் பெண்மணி கலைத்தார். டாக்டர் செல்லப்பன் நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்பது 1986-ல் தெரியவந்ததற்குக் காரணமான ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர். அப்போது அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி. வழிகாட்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். சுனிதியின் பெயர் ஓரளவு தெரியும். நிர்மலாவின் பெயரைப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகள் மறந்தே போயின. 2016-ல் பிபிசி எழுதிய பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான்.

பாலியல் தொழிலாளர்களைத் தேடிப் போக நிர்மலாவுக்கு வண்டி கிடையாது. கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். எடுத்து வந்த மாதிரிகளை வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு காட்பாடிக்கு ராத்திரி ரயில், அங்கிருந்து வேலூர் சிஎம்சி. கணவர் வருகிறார், வீடு வருகிறது, சாமான்களோடு சாமானாக ஃபிரிட்ஜ் கூட வருகிறது. சோதனையின்படி பார்த்தால் பாதியை வெட்ட வேண்டும். வெட்டினால் அந்த ஆராய்ச்சி எப்படி நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும். அந்த ஃபிரிட்ஜுக்கும் என் வத்தக்குழம்புக்கும் இருக்கிற தூரத்தை யோசித்தபடி ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். எனக்கு எந்தச் சூத்திரமும் கிடைக்கவில்லை.

போனில் பெயர்களை மாற்றினேன். 'மகளிர் தினம்' என்று தொடங்கிய எல்லோரையும் நிபுணர் ஆக்கினேன். பெரிய புரட்சி ஒன்றுமில்லை, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிகிற வேலை. உலகம் முழுக்கச் செய்திகளைக் கணக்கெடுக்கும் குளோபல் மீடியா மானிட்டரிங் புராஜெக்ட் 2020-ல் எடுத்த கணக்குப்படி, செய்திகளில் நிபுணர்களாக வந்தவர்களில் பெண்கள் 24 சதவீதம். பெயர் மாற்றிய பிறகும் என் போன் அந்த 24-ஐ எட்டவில்லை. பெண் நிபுணர்களைக் கூப்பிடுவதில் ஒரு தொல்லையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "இதுல என்னைவிட நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், அவரைக் கேளுங்களேன்" என்று பலர் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அப்பாடா என்று அந்த 'அவரை' கூப்பிட்டுவிடுவேன். நிபுணர் விவசாயம் ஐயா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, தண்டுத் துளைப்பானுக்குக்கூட.

படைப்புழுவைப் பற்றி எழுதினோம். மேடம் சொன்னதையெல்லாம் போட்டேன். இனிஷியலும் பெயரும் துறையும் மட்டும்; படமில்லை, குடும்பமில்லை. முட்டைக் குவியலின் படத்தைப் பெரிதாக வைத்தோம். கடிதங்கள் வந்தன, குழம்புக்கு வந்த அளவு இல்லை. ஒருவர் 'உயர்திரு பூச்சியியல் நிபுணர் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகு அவரை ஆணாக்கிவிட்டேனா? போன் செய்து படித்துக் காட்டினேன். திருத்தம் போடட்டுமா என்றேன்.

"அவர் என்ன கேக்கறார்?"

"மக்காச்சோளத்துக்கு நடுவுல உளுந்து போடலாமான்னு கேக்கறார் மேடம்."

"தாராளமா போடலாம். வரப்போரமா தட்டைப்பயறோ எள்ளோ போடச் சொல்லுங்க, நன்மை செய்யற பூச்சிங்க வரும். ஆனா அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், முளைச்சு வந்ததுலேர்ந்தே இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த தடவை என் படத்தைப் போடுங்க. வயல்ல எடுத்தது. குடுவை வேண்டாம்" என்றார்.

அடுத்த பருவத்தில் அதே போட்டோகிராபர் தம்பி போனான். தலையில் துண்டு கட்டி, இலையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார் மேடம். பாதி முகத்தை இலை மறைத்தது. சிரிக்கவில்லை, எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். முகம் தெரிகிற படம் இல்லையா என்று லே-அவுட்டில் கேட்டார்கள். இருந்தது. நான் கொடுக்கவில்லை. இந்தப் படத்தில்தான் முட்டைக் குவியல் தெளிவாகத் தெரிந்தது. குறிப்பில் அவர் பெயரை எழுதி, கையில் இருப்பது என்ன என்றும் எழுதினேன்.

அந்த வாரம் ஒரு கடிதம் 'உயர்திரு அம்மா அவர்களுக்கு' என்று வந்தது. ஏக்கருக்கு வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நூறு கிலோ, கடைசி உழவில்.